ப, ம, த, ந

மொழிபெயர்க்கிறவனுக்கு இரண்டு தாள்கள் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் தமிழ், கைக்கெட்டும் தூரத்தில் அகராதி. தாளில் எழுதிய காலத்தில் இதைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை. கணினிக்கு வந்த பிறகுதான் தொல்லை. ஒரு சாளரத்தைத் திறந்தால் இன்னொன்று அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அகராதியைத் தேடி எடுத்தால் மூலம் மறைந்துவிடும். மூலத்தை இழுத்து மேலே கொண்டுவந்தால் எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் மறைந்துவிடும். அதற்குள் மனசில் உருவாகியிருந்த வாக்கியமும் கலைந்துபோகும். மொழிபெயர்ப்பில் இது சின்ன விஷயமில்லை. மராத்தி வாக்கியத்தின் ஓசை காதில் இருக்கும்போதே தமிழ் வாக்கியம் கையில் இறங்கிவிட வேண்டும்.

2016-இல் என்னிடம் இருந்தது லாமிங்டன் சாலையில் வாங்கிய பழைய திங்க்பேட் மடிக்கணினி. விக்ரோலியில் ஸ்லோ லோக்கல் ஏறி, தாதரில் வெஸ்டர்ன் லைனுக்கு மாறி, கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஏதோ ஒரு அலுவலகம் கழித்துக் கட்டிய சரக்கு. ஆனால் அதன் விசைகள் அருமையானவை, விரல் பட்டால் ஆழமாக இறங்கி எழும். அதற்காகவே வாங்கினேன். திரை மட்டும் 1366-க்கு 768 புள்ளிகள். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, ஒவ்வொரு சாளரத்துக்கும் தலைப்புப் பட்டை, அதற்குக் கீழே மெனு, அதற்கும் கீழே சின்னச் சின்னப் படங்கள். இவையெல்லாம் தின்றது போக எழுத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அப்போது எனக்கு வந்துகொண்டிருந்த வேலை மருத்துவமனை ஒப்புதல் படிவங்கள், காப்பீட்டுத் தாள்கள், குடியிருப்புச் சங்கச் சுற்றறிக்கைகள். தாராவியிலும் செம்பூரிலும் இருக்கிற நம்மவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியவை. எப்போதாவது மனசுக்குப் பிடித்த ஒரு மராத்திச் சிறுகதை. எதுவானாலும் வேலை ஒன்றுதான்: இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் தமிழ்.

நாங்கள் இருப்பது விக்ரோலி கிழக்கு, கன்னம்வார் நகர், வீட்டுவசதி அமைப்பான ம்ஹாடா கட்டிய பழைய கட்டடங்களில் ஒன்று. எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே பொறியியல் படிக்கும் மராத்திப் பையன் ஒருவன் இருந்தான். அச்சுப்பொறி மக்கர் பண்ணியபோது உதவிக்கு வந்தவன், என் தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "காகா, நீங்க எழுதுற நேரத்தைவிட சாளரத்தை நகர்த்துற நேரம்தான் ஜாஸ்தியா இருக்கு" என்றான். மறுநாள் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து காட்டினான். அதில் மவுஸ் இல்லை, இழுப்பு இல்லை, படம் போட்ட மேஜையும் இல்லை. ஒரு விசைச் சேர்க்கையை அழுத்தினான், ஒரு சாளரம் திரை முழுக்க விரிந்தது. மறுபடி அழுத்தினான், முதல் சாளரம் தானே பாதியாகச் சுருங்கி இரண்டாவதற்கு இடம் கொடுத்தது. மூன்றாவது வந்ததும் மூன்றும் சமபங்காக ஒதுங்கிக்கொண்டன. ஒன்றை மூடினால் மற்றவை அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. எதுவும் எதையும் மறைக்கவில்லை.

"இதுக்குப் பேர் டைலிங் விண்டோ மேனேஜர், காகா. இது ஐ3."

தரையில் ஓடு பதிக்கிற மாதிரி, இடைவெளியும் மேற்படிதலும் இல்லாமல் சாளரங்களைத் தானே அடுக்கித் தருகிற நிரல் அது. புதுச் சங்கதியும் இல்லை. 1981-இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியிலேயே சாளரங்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. 1985-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட முதல் விண்டோஸிலும் அப்படித்தான், ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது 1987-இல் இரண்டாம் பதிப்போடு வந்தது. அதன்பிறகு உலகம் முழுக்க மேஜை மேல் தாள்களைக் குவிக்கிற வழக்கமே கணினியின் இயல்பு என்று ஆகிவிட்டது. லினக்ஸ் பக்கம் மட்டும் சிலர் அடுக்குகிற வழியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2000 வாக்கில் ராட்பாய்சன், 2006-இல் டிடபிள்யூஎம், 2007-இல் ஹாஸ்கெல் மொழியில் எழுதிய எக்ஸ்மோனாட், 2009-இல் ஜெர்மனியைச் சேர்ந்த மைக்கேல் ஸ்டாபெல்பெர்க் தொடங்கிய ஐ3. டிடபிள்யூஎம்-ஐ எழுதியவர்கள் அதன் மூலநிரல் இரண்டாயிரம் வரியைத் தாண்டக்கூடாது என்று தங்களுக்குத் தாங்களே ஓர் எல்லை போட்டுக்கொண்டார்கள். அதில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் சி மொழிக் கோப்பைத் திருத்தி, மறுபடி தொகுக்க வேண்டும். ஐ3-இல் அந்தப் பாடு கிடையாது. ஒரே ஓர் உரைக்கோப்பு. அதில் சாதாரண வரிகளில் உங்கள் விதிகளை எழுதிவைத்தால் போதும். எழுதுகிறவனுக்கு ஏற்றது எது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

என் கணினியில் ஏற்கெனவே டெபியன் லினக்ஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஐ3-ஐ நிறுவுவதற்கு ஒரு வரிக் கட்டளை. வெளியே வந்து, நுழைவுத் திரையில் ஐ3-ஐத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல் கொடுத்தால் திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் சின்னதாக ஒரு கேள்வி: உங்களுக்கு ஒரு கோப்பு உருவாக்கித் தரட்டுமா? என்டர் அடித்தால் அடுத்த கேள்வி: எல்லாக் கட்டளைக்கும் முன்னால் பிடித்துக்கொள்ளும் விசையாக விண்டோஸ் சின்னம் போட்ட விசை வேண்டுமா, ஆல்ட் வேண்டுமா? விண்டோஸ் விசையைத் தேர்ந்தெடுத்தேன். இனி அதை நான் மோட் என்றே சொல்கிறேன், பழகினவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கேள்வி மறைந்தது. கீழே மெல்லிய பட்டை ஒன்றில் தேதி, நேரம், பேட்டரி மாதிரிச் சில விவரங்கள். வேறு எதுவும் இல்லை.

அந்தக் கறுப்புத் திரையைக் கண்டு பயந்து ஓடியவர்களை எனக்குத் தெரியும். வைஃபை சின்னம் எங்கே, ஒலியைக் கூட்டுவது எப்படி, திரை வெளிச்சத்தைக் குறைப்பது எப்படி, எல்லாவற்றையும் நாமே ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். நெட்வொர்க் நிரலைத் தொடக்கத்திலேயே ஓட்டச்சொல்லி ஒரு வரி. வெளிச்சத்துக்கு இரண்டு வரி. திரையைப் பூட்ட ஒரு வரி. ஒவ்வொரு வரியையும் எழுதும்போது அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது. வேலையை முடித்த பிறகு அந்தக் கணினியில் எனக்குத் தெரியாமல் ஓடுகிற விஷயம் வெகு சிலவே இருந்தன. வருஷக்கணக்காகக் கணினி முன்னால் உட்கார்ந்தவனுக்கு இது புது அனுபவம்.

சாளரத்திலிருந்து சாளரத்துக்குத் தாவ ஐ3 கொடுத்திருக்கிற விசைகள் ஜே, கே, எல், அரைப்புள்ளி. மோட் விசையைப் பிடித்துக்கொண்டு ஜே அழுத்தினால் இடப்பக்கம், கே கீழே, எல் மேலே, அரைப்புள்ளி வலப்பக்கம். விஐ எடிட்டரில் பழகினவர்கள் இந்த வேலைக்கு எச் விசையிலிருந்து தொடங்குவார்கள். ஐ3 ஒரு விசை தள்ளித் தொடங்குகிறது. தட்டச்சு முறையாகக் கற்றவனுக்கு அதன் நியாயம் உடனே விளங்கும்: வலக்கையின் நான்கு விரல்களும் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் விசைகள் அவை. விரல் எங்கேயும் நகர வேண்டாம். தமிழ்99 விசைப்பலகையில் அதே நான்கு விசைகள் ப, ம, த, ந. நான் அவற்றை அப்படித்தான் மனசில் பதித்துக்கொண்டேன். ப இடம், ம கீழ், த மேல், ந வலம். மோட்-ஆர் அழுத்திவிட்டு இதே நான்கையும் தொட்டால் சாளரத்தின் அகலமும் உயரமும் மாறும். 1366-ஐ இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 683 புள்ளி. தமிழ் வரி மராத்தி வரியைவிட நீளமாக ஓடும் என்பதால் ந-வை நாலு தட்டு தட்டி என் பக்கத்தைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொள்வேன்.

தலைப்புப் பட்டைகளை எடுத்துவிட்டு இரண்டு புள்ளி அகலத்தில் ஓரக்கோடு மட்டும் வைக்கச் சொல்லி ஒரு வரி எழுதினேன். அதே பழைய திரை, இப்போது எழுத்து மட்டும் இருக்கிறது.

அகராதிகளுக்கு இடம் கண்டுபிடித்தது இன்னொரு சந்தோஷம். எனக்கு இரண்டு அகராதி வேண்டும். ஒன்று மோல்ஸ்வர்த்தின் மராத்தி - ஆங்கில அகராதி, 1857-இல் பம்பாயில் வந்த இரண்டாம் பதிப்பு. இன்னொன்று சென்னைப் பல்கலைக்கழகம் 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி. இரண்டையும் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. வலப்பக்கம் எழுதும் சாளரத்தில் நின்றுகொண்டு மோட்-வி அழுத்தினால் அடுத்து வரும் சாளரம் அதற்குக் கீழே வரும். அங்கே ஓர் அகராதியைத் திறக்க வேண்டும். அதன்மேல் நின்று மறுபடி மோட்-வி அழுத்தி அதற்கென்று தனிப் பெட்டி ஒன்று உண்டாக்கி, பிறகு மோட்-டபிள்யூ அழுத்த வேண்டும். இப்போது திறக்கும் இரண்டாவது அகராதி முதலாவதின் மேல் தாவலாக உட்கார்ந்துகொள்ளும். நடுவில் அந்தத் தனிப் பெட்டியை உண்டாக்காவிட்டால் வலப்பக்கம் முழுவதுமே தாவல்களாக மாறி, எழுதும் பக்கமும் அதற்குள் போய்விடும். ஏனென்றால் ஐ3 எல்லாச் சாளரங்களையும் ஒரு மரமாக வைத்திருக்கிறது. திரை வேர், பெட்டிகள் கிளை, சாளரங்கள் இலை. மோட்-டபிள்யூ இலைக்குச் சொல்லும் கட்டளை இல்லை, அது தொங்கும் கிளைக்குச் சொல்வது. இந்த ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் ஐ3-இல் புரியாதது அதிகமில்லை.

மராத்திப் பையனிடமிருந்து கற்றுக்கொள்ள முடிந்தது இவ்வளவுதான். மீதியைத் தமிழ் கற்றுக்கொடுத்தது.

அவனுடைய ஐ3-இல் ஆங்கிலம் மட்டும்தான் ஓடியது. எனக்குத் தமிழ் ஓட வேண்டும். தமிழ்99 எழுத ஐபஸ் என்ற நிரலும் எம்17என் என்ற எழுத்துமுறைத் தொகுப்பும் வேண்டும். பெரிய மேஜைச் சூழல்களில் ஐபஸ் தானாக எழுந்துகொள்ளும். ஐ3-இல் யாரும் எழுப்ப மாட்டார்கள், தொடக்கத்தில் அதை ஓட்டச்சொல்லி ஒரு வரி எழுத வேண்டும். அதோடு, எழுத்து உள்ளே வரும் வழி ஐபஸ்தான் என்று மற்ற நிரல்களுக்கு அறிவிக்க மூன்று சூழல் மாறிகளை வேறொரு கோப்பில் வைக்க வேண்டும். வெறும் விசைப்பலகை அமைப்பை மாற்றித் தமிழ் எழுதலாமே என்று சிலர் கேட்பார்கள். எழுதலாம், ஆனால் அது முழுத் தமிழ்99 ஆகாது. க-வை இரண்டு தடவை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானே வந்து க்க ஆவதுதான் தமிழ்99-இன் உயிர். விசைப்பலகை அமைப்புக்கு ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்பதுதான் தெரியும், முன்னால் என்ன எழுதினோம் என்று அது நினைவில் வைப்பதில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற முறை அது. அதை வகுத்தவர்கள் உயிரெழுத்தை இடக்கைக்கும் மெய்யைப் பெரும்பாலும் வலக்கைக்கும் கொடுத்தார்கள். வேகம் பிடித்துவிட்டால் இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். அந்தச் சுகத்தை அறிந்தவர்கள் வேறு எதற்கும் போக மாட்டார்கள்.

ஐபஸ் எழுந்தது, ஆனால் இன்னொரு தகராறு. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற ஐபஸ் வைத்திருக்கும் விசை மோட்-ஸ்பேஸ். ஐ3-இலும் மோட்-ஸ்பேஸுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே விசைக்குச் சண்டை போட்டார்கள். நான் இரண்டு பேரிடமிருந்தும் பிடுங்கி, என் கோப்பில் இரண்டு புது வரி எழுதினேன். மோட்-டி அழுத்தினால் தமிழ். மோட்-என் அழுத்தினால் ஆங்கிலம். ஒரே விசையில் மாற்றி மாற்றிப் போகும் முறையில், இப்போது எதில் இருக்கிறோம் என்று ஒவ்வொரு தடவையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். தனித்தனி விசை இருந்தால் பார்க்கவே வேண்டாம். தமிழ் வேண்டும், மோட்-டி. ஏற்கெனவே தமிழில் இருந்தாலும் பாதகமில்லை. இரண்டு மொழியில் எழுதுகிற எல்லோருக்கும், எந்தக் கணினியானாலும், இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது எழுத்து. ஐ3-இல் மோட் விசையோடு எண்ணை அழுத்தி மாறிக்கொள்ளும் தனித்தனித் திரைகள் உண்டு, அவைதான் ஒர்க்ஸ்பேஸ்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கலாம். நான் ஒன்றுக்கு 'மொழிபெயர்ப்பு', இரண்டாவதுக்கு 'செய்தி', மூன்றாவதுக்கு 'கடிதம்' என்று வைத்தேன். கீழ்ப்பட்டையில் மூன்றும் அழகாக வந்தன. எழுத்துரு வரியில் பாங்கோ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, நோட்டோ சான்ஸ் தமிழ் என்று எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால் போதும். ஆனால் நிரல்களைக் கூப்பிடும் டிமெனுவில் அதே 'செய்தி' உடைந்துபோனது. ச முதலில் நின்றது, கொம்பு அதற்குப் பின்னால் தனியாக நின்றது. காரணம் எளிது. யூனிகோடில் செ-யைச் சேமிக்கும்போது முதலில் ச, அப்புறம்தான் கொம்பு. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது, கொ என்றால் அதை இரண்டாகப் பிரித்துக் க-வின் இரண்டு பக்கமும் நிறுத்துவது, எல்லாம் திரையில் வரைகிற நிரலின் பொறுப்பு. பாங்கோ அந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்திடம் கொடுத்துச் சரியாகச் செய்கிறது. டிமெனு நேரடியாக எக்ஸ்எஃப்டி என்ற நூலகத்தின் வழியாக வரைவதால் அதற்கு எழுத்தைக் கோக்கத் தெரியாது. டிமெனுவை எடுத்துவிட்டு, பாங்கோவில் வரையும் ரோஃபியை வைத்தேன். உடைந்த கொம்பு ஒட்டிக்கொண்டது.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினல்களில் கதை இன்னும் மோசம். எக்ஸ்டெர்ம், யூஆர்எக்ஸ்விடி இரண்டுமே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. ஆங்கிலத்துக்கு அது சரி. ஔ-வையும் ணை-யையும் எந்தக் கட்டத்தில் அடைப்பது? அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: தமிழ் என் டெர்மினலுக்குள் வராது. தமிழ் எழுதுவதும் படிப்பதும் ஈமேக்ஸ் எடிட்டரில், அங்கே கொம்பும் காலும் தன் இடத்தில் நிற்கும். டைலிங் சாளர உலகம் டெர்மினலையே வீடாகக் கொண்டவர்கள் கட்டியது, அந்த வீட்டில் நம் எழுத்துக்கு இன்னும் ஒழுங்கான பாய் விரிக்கவில்லை. இதை யாராவது தமிழ் தெரிந்த நிரலாளர்கள் கையில் எடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்றும் இருக்கிறது.

இந்த வேலையெல்லாம் நடந்த நாட்களில் அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அறுபதுகளில் பம்பாய்க்கு வந்து, இங்கே விக்ரோலியில் கோத்ரெஜ் டைப்ரைட்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். 1955-இல் இந்தியாவிலேயே செய்த முதல் டைப்ரைட்டரைக் கொண்டுவந்த கம்பெனி. 2009-இல் அவர்கள் அந்த உற்பத்தியை நிறுத்தியபோது அப்பா ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. 2011-இல் அந்தச் செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்த அன்று மட்டும் பேப்பரை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அவர் செய்தது அலைன்மென்ட் வேலை. டைப்ரைட்டரின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கம்பியின் நுனியில் இருக்கிறது. எல்லாக் கம்பிகளும் ஒரே இடத்தில் வந்து அடிக்க வேண்டும், ஒரே கோட்டில் நிற்க வேண்டும், ஒரே அழுத்தத்தில் பதிய வேண்டும். ஒரு மயிரிழை மேலே போனாலும் வரி நொண்டும். அடித்துப் பார்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, கம்பியைத் துளி வளைத்து, மறுபடி அடித்துப் பார்க்க வேண்டும். அந்தக் கண் வீட்டிலும் அவரை விட்டதில்லை. சுவரில் காலண்டர் கோணினால் எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார்.

என் திரையில் மூன்று சாளரமும் ஒரு கோடு பிசகாமல் ஒட்டி நிற்பதைப் பார்த்தவர் முதலில் கேட்டது அதைப் பற்றி இல்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கையை எடுக்காமலே எல்லாம் ஓடுதாலே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ இதை எழுதுறவன் கேட்டு வாங்கியிருக்கான்" என்றார்.

நான் மாட்டுங்காவில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் கற்றபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், கண் தாளில், கை விசையில், இரண்டும் இடம் மாறக்கூடாது என்பது. மவுஸ் வந்தபோது அந்தப் பாடம் போய்விட்டது. கை எழுந்து போகும், மவுஸைத் தேடும், கண் அம்பைத் தேடும், திரும்பி வந்து விரல் தன் இடத்தைத் தேடும். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நொடிதான். ஆனால் எழுதுகிற ஒருவனின் நாளில் அது எத்தனை தடவை! படம் வரைகிறவர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் மவுஸ்தான் கை, அவர்களிடம் போய் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுதுகிறவர்கள், பிழை திருத்துகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், இவர்களுக்கு விசைப்பலகைதான் தொழில் கருவி. அதிலிருந்து கையைப் பிடித்து இழுக்காத கணினி அவர்களுக்கு உரிமையாகவே கிடைக்க வேண்டும்.

ஐ3-ஐ வைத்துத் திரையை அலங்கரிப்பதே ஒரு கலையாக வளர்ந்திருக்கிறது. சாளரங்களுக்கு இடையில் இடைவெளி விட்டு, பின்னால் மலைப்படம் வைத்து, எல்லாவற்றையும் ஒரே வண்ணத்தில் தீட்டுவார்கள். இடைவெளி விடும் வசதி 2023-இல் ஐ3-க்குள்ளேயே வந்துவிட்டது. பார்க்க அழகுதான். எனக்கு ஒரு புள்ளியும் வீணாக்க மனசு வரவில்லை.

என் கோப்பு வளர்ந்தது. ஐ3-இன் கோப்பில் எண் குறியோடு தொடங்கும் வரியைக் கணினி படிக்காது, மனிதருக்கான குறிப்பு அது. அந்தக் குறிப்புகளை எல்லாம் நான் தமிழில் எழுதினேன். 'அகராதிப் பெட்டி: முதலில் மோட்-வி, பிறகு மோட்-டபிள்யூ.' 'ப இடம், ம கீழ், த மேல், ந வலம்.' 'கோப்புத் திறக்கும் பெட்டி மிதக்கட்டும்.' கட்டளைகள் ஆங்கிலம், அவற்றுக்கு மேலே ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று ஒரு தமிழ் வரி. பவாயில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஐஐடி பம்பாயில், பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், லினக்ஸ் கட்டளைகளையும் லிப்ரே ஆஃபீஸையும் சின்னச் சின்ன வீடியோக்களாக எடுத்துத் தமிழ் உட்பட நம் மொழிகளில் குரல் கொடுத்து வெளியிடுகிறது. ஜேவிஎல்ஆர் சாலை வழியாகப் போனால் எங்கள் வீட்டிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம். டெர்மினலைக் கண்டு தயங்கியவர்களுக்கு நான் முதலில் அந்த வீடியோக்களைத்தான் காட்டினேன். ஒரு கட்டளையைத் தமிழில் விளக்கக் கேட்டுவிட்டால், அதைத் தட்டுகிற கை நடுங்குவதில்லை.

2020 மார்ச்சில் லோக்கல் ரயில் நின்றது. ஒரே அறையில் நான், மனைவி, மகள், அப்பா, ஒரே கணினி. காலையில் மகளுக்கு வகுப்பு, நடுவில் எனக்கு வேலை, சாயங்காலம் மனைவியின் அலுவலகக் கணக்கு. அப்போதுதான் ஒர்க்ஸ்பேஸ்களின் அருமை முழுசாகத் தெரிந்தது. ஏழாவது மகளுக்கு, எட்டாவது மனைவிக்கு. மகளின் வகுப்பு முடிந்ததும் மோட்-ஒன்று. நான் விட்ட இடத்தில் மூலம், தமிழ், அகராதி, கர்சர் நின்ற வாக்கியம் உட்பட எல்லாம் அப்படியே இருக்கும். யாரும் யாருடைய சாளரத்தையும் மூட வேண்டியதில்லை. மருத்துவமனைத் தாள்கள் அப்போது ராத்திரியில்தான் வரும், விடிவதற்குள் கேட்பார்கள். திறந்து, அடுக்கி, உட்கார நேரம் இல்லாத நாட்கள் அவை. நான் உட்கார்ந்ததும் நேரே வாக்கியத்துக்குப் போக முடிந்தது.

இப்போது புதுக் கணினி, அதில் ஐ3 இல்லை. லினக்ஸ் திரைக்குக் கீழே பல காலமாக இருந்த எக்ஸ் என்ற அடித்தளம் மெல்ல வேலண்டுக்கு வழிவிடுகிறது. வேலண்டில் ஐ3 ஓடாது. அதற்காகவே ட்ரூ டிவால்ட் 2015-இல் தொடங்கியது ஸ்வே. 2019-இல் முதல் முழுப் பதிப்பு வந்தது. ஐ3-இன் கோப்பை அப்படியே படிக்கும் என்று சொன்னார்கள், பெரும்பாலும் படித்தது. என் தமிழ்க் குறிப்புகளோடு கோப்பைத் தூக்கி வைத்தேன், ப ம த ந நான்கும் அன்றே வேலை செய்தன. ஐபஸை விட்டு, அதே வேலையைச் செய்யும் ஃப்சிடிக்ஸ்5-க்கு மாறினேன். சீனம், ஜப்பானியம் எழுதுகிறவர்களுக்கு, தேர்வுப் பட்டியல் காட்டும் குட்டிச் சாளரம் ஸ்வேயில் சரியாக வராமல் வெகுநாள் பாடாக இருந்தது. தமிழ்99-க்கு அந்தப் பட்டியலே தேவையில்லை. தட்டினது தட்டினபடி எழுத்து விழும்.

செம்பூரில் தமிழ்ப் பாடநூல்களுக்குப் பிழை திருத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்கு என் கோப்பைக் கொடுத்தேன். அவர் பழைய டைப்ரைட்டர் முறையில் எழுதுகிறவர். எம்17என் தொகுப்பில் அந்த முறையும் இருப்பதால் அவர் கை பழகின இடத்தைவிட்டு நகர வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவருடைய கோப்பை எனக்குப் பார்க்க அனுப்பினார். ப, ம, த, ந என்று நான் எழுதிய குறிப்பை அடித்துவிட்டுத் தன் விசைகளில் அந்த இடத்தில் இருக்கும் எழுத்துக்களைப் போட்டிருந்தார். அகராதிப் பெட்டியை வலமிருந்து இடத்துக்கு மாற்றியிருந்தார். எனக்குத் தெரியாத ஒரு வரியும் இருந்தது: மோட்-டேப் அழுத்தினால், கடைசியாக நின்ற ஒர்க்ஸ்பேஸுக்கும் இப்போதையதுக்கும் போய்ப் போய் வரும். திருத்தப்படியிலிருந்து மூலப்படிக்கும், அங்கிருந்து திரும்பவும், எண்ணை நினைவில் வைக்காமல். "தம்பி, எனக்கு ரெண்டு இடம்தான், அதுக்கு எதுக்கு எண்ணு?" என்று ஃபோனில் சொன்னார். அந்த வரியை அவருடைய குறிப்போடு என் கோப்பில் சேர்த்துக்கொண்டேன். இப்போது மோல்ஸ்வர்த்தைத் தனி ஒர்க்ஸ்பேஸுக்கு மாற்றிவிட்டேன், அதற்கும் எழுதும் இடத்துக்கும் நான் மோட்-டேபில்தான் போய்வருகிறேன்.